நாற்பத்திரண்டு அடி ஆறும் பதினொரு பக்க விண்ணப்பமும்

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. உக்குவளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

‘ஐயா, உங்கள் பத்தியைப் பல வருஷமாகப் படிக்கிறேன். முன்பெல்லாம் ஒரு பக்கம் நிரம்பி, அடுத்த பக்கத்துக்கும் போகும். இப்போது முக்கால் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. உடம்புக்கு ஏதாவது…?’

உடம்புக்கு ஒன்றுமில்லை. சீனி வியாதிகூட இல்லை. பத்திரிகை ஆசிரியரும் இடத்தைக் குறைக்கவில்லை. காரணம் ஒரு மருத்துவிச்சி!

சிரிக்காதீர்கள். எழுத்து வேலையில் இருபத்தைந்து வருஷம் கழித்தவன் நான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். மாத்தளையில் ஒரு கல்யாண வாழ்த்து மடல் வேண்டுமா, பிரிவுபசார உரை வேண்டுமா… என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்படிப்பட்டவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது, என்னைவிடப் பதினெட்டு வயது இளைய ஒரு மருத்துவிச்சி. எப்படி என்று சொல்கிறேன்.

போன வருஷம் கடைசியில் பெய்த மழை ஞாபகம் இருக்கிறதா? அந்த மழை ஓய்ந்து இரண்டு மாதம் கழித்து ஹனீபா நானா என் வீட்டுக்கு வந்தார். பலாபத்வல சந்தியில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவர். அவருடைய சொந்த ஊர், சந்தியிலிருந்து உள்ளே இரண்டு மைல் நடந்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கம். அறுபது குடும்பம். அங்கே உள்ள கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

“மாஸ்டர், எங்கட ஏதண்ட போயிட்டு,” என்றார்.

ஏதண்ட என்றால் கட்டைப் பாலம். இரண்டு தென்னங் கட்டைகளைக் குறுக்கே போட்டு, பக்கத்தில் மூங்கில் கைபிடி கட்டியிருப்பார்கள். வெள்ளம் அதை ஒரே இழுவையில் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூடம், கிளினிக், பஸ் எல்லாம் இந்தப் பக்கம். ஊர் அந்தப் பக்கம்.

“கொழும்புல ஒரு வெளிநாட்டு நிதியம் ஈக்கிதாம். சின்னச் சின்ன ஊர் வேலைகளுக்கு உதவி குடுக்கிறாங்களாம். தமிழ்லயும் எழுதலாமாம். நீங்க வாரத்துக்கு வாரம் பேப்பர்ல எழுதுறீங்க. இந்த போமை நிரப்புறது உங்களுக்கு ஒரு வேலையா?”

வேலையே இல்லை என்றேன்!

படிவத்தின் தலைப்பில் ஒரு குறிப்பு இருந்தது. ‘விடைகளைச் சுருக்கமாக எழுதுக. இரண்டு பக்கங்களுக்கு மேற்படலாகாது.’ வாசித்தேன். அது எழுதத் தெரியாதவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். பதினொரு பக்கம்.

அதை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. ‘வரலாற்றுச் சிறப்பு மிக்க மாத்தளை மாநகரின் வடபால், இயற்கை அன்னை தன் எழிற்கரங்களால் தாலாட்டும்…’ என்று தொடங்கும். நாலந்தாவின் கற்கோயிலைக்கூட ஒரு பத்தியில் கொண்டுவந்திருந்தேன். நாலந்தாவுக்கும் இந்த ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் தெரியாது. வாக்கியம் அழகாக இருந்தது, விட மனசு வரவில்லை. ‘சுதந்திரம் மலர்ந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும்’ என்று ஒரு பக்கம். நதிகளும் நாகரிகமும் என்று ஒன்றரைப் பக்கம்.

சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். ஹனீபா நானா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கட ஊர் இவ்வளவு பெரிய ஊரெண்டு எங்களுக்கே தெரியாதே, மாஸ்டர்!”

இதைவிட ஓர் எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்? தபாலில் சேர்த்தோம். நான் மனசுக்குள் பாலத்தைக் கட்டி முடித்துவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. பதினொரு பக்கங்களும் திரும்பி வந்திருந்தன, கூடவே ஒரு துண்டுக் கடிதம்.

‘தங்கள் விண்ணப்பத்தை முழுவதும் வாசித்தோம். தங்களுக்கு என்ன தேவை என்பது எங்களுக்கு விளங்கவில்லை. இரண்டு பக்கங்களுக்குள் எழுதி, இம்மாத இறுதிக்குள் அனுப்பினால் மீண்டும் பரிசீலிப்போம்.’

என்ன தேவை என்று விளங்கவில்லையா? எனக்குக் கோபம் வந்தது. தமிழ் தெரியாத யாரோ வாசித்திருக்கிறார்கள் என்றேன். பதினொரு பக்கத்தையும் மேசையில் பரப்பி, எங்கே சொல்லியிருக்கிறேன் என்று காட்டுவதற்காகத் தேடினேன்.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. ‘இருகரையும் இணையும் இணைப்பொன்று அமையுமாயின்…’

அவ்வளவுதான். பதினொரு பக்கத்தில் ‘பாலம்’ என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. அந்தச் சொல் ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று நானே எழுதும்போது தவிர்த்திருக்கிறேன்!

கோபம் போய் வெட்கம் வந்தது. வெட்கத்தோடு வெட்ட உட்கார்ந்தேன். நான்கு நாளில் பதினொன்று எட்டாகியது. அதற்கு மேல் கை போகவில்லை. எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் ‘என்னை மட்டும் விட்டுவிடு’ என்று கெஞ்சியது. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அடுத்த மழைக்குள் பாலம் வராவிட்டால் இன்னொரு வருஷம்.

ஹனீபா நானா எட்டுப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனுஷர். குறை சொல்லவில்லை.

“மாஸ்டர், ஒருக்கா மிஸிக்கிட்ட காட்டுவோமா?”

எங்கள் பக்கத்தில் நர்ஸுக்கும் மருத்துவிச்சிக்கும் ஒரே பெயர்தான் — மிஸி. இவர் பரமேஸ்வரி மிஸி. பருத்தித்துறைப் பக்கம் சொந்த ஊர். மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கிளினிக்குக்கு மாற்றலாகி வந்தவர். மெலிந்த உருவம். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ஒரு தகரப் பெட்டி. அவர் நடக்கும் வேகத்துக்கு ஆண்கள் ஓட வேண்டும்.

மருத்துவிச்சியிடம் என் தமிழைக் காட்டுவதா? போகும் வழியெல்லாம் எனக்கு அந்த எண்ணம்தான்.

கிளினிக் முடிந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். எட்டுப் பக்கத்தையும் வாங்கினார். நின்றபடியே வாசித்தார். ஒரு வரியைக்கூடத் தாண்டாமல் வாசித்தார், அது எனக்குப் பிடித்தது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. இதிலை ஆர் ஆத்தைக் கடக்கினம்?”

“மக்கள்,” என்றேன்.

“எந்த மக்கள்?”

“ஊர் மக்கள்… அல்லலுறும் கிராமத்து மக்கள்.”

“ஆறு எவ்வளவு அகலம்?”

“பெரிய ஆறுங்க.”

“எவ்வளவு?”

எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நான் அந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை. சங்கக் கூட்டமே இந்தப் பக்கம், சந்தியில்தான் நடந்தது.

“இதை வாசிக்கிறவர் கொழும்பிலை இருக்கிறார். அவருக்கு எங்கடை ஆறு தெரியாது. முதலிலை ஆத்தைக் காட்டுங்கோ. நாளைக்கு நான் அந்தப் பக்கம் போறன். நீங்களும் வாங்கோவன்.”

மறுநாள் சனிக்கிழமை. ஹனீபா நானா கடையிலிருந்து ஒரு தும்புக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். காற்சட்டையைத் தொடை வரை மடித்துக்கொண்டு நான் ஆற்றில் இறங்கினேன். கோடையிலேயே தண்ணீர் முழங்காலுக்கு மேல். பாசி பிடித்த கல் ஒன்று காலை வாரியது. மூக்குக் கண்ணாடியை ஹனீபா நானா பிடித்துக் காப்பாற்றினார்… என்னை மிஸி பிடித்தார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, அவர் எதுவும் நடக்காததுபோல் கரையேறினார்.

கயிற்றைக் கரையிலிருந்து கரைக்குப் பிடித்து அளந்தோம். நாற்பத்திரண்டு அடி.

அந்தக் கரையில், ஆற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு எட்டில், மிளகு காயவைக்கும் கொட்டில் ஒன்று. மிஸி ஊருக்குள் போய்விட்டார். எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பெண்ணின் பெயர் நூர்ஜஹான். அவருடைய ராத்தா, அதாவது அக்கா, ஸுலைஹா மடியில் கைக்குழந்தையோடு பக்கத்தில் இருந்தார்.

“மாஸ்டருக்கு அந்தக் கதைய செல்லும்மா,” என்றார் ஹனீபா நானா.

நூர்ஜஹான் சொன்னார். நான் ஒன்றும் கூட்டாமல் எழுதுகிறேன்.

ஏதண்ட போன மறுநாள் ஸுலைஹாவுக்கு வலி கண்டிருக்கிறது. கதிரையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறார்கள். ஆறோ மரங்களை உருட்டிக்கொண்டு போகிறது. எந்த ஆணாலும் இறங்க முடியவில்லை. அவசரமாக அந்தக் கொட்டிலில் படுக்கவைத்தார்கள். ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கத் தெரிந்தவர் யாரும் அன்று இல்லை. ஆள் போய்ச் சொல்ல வழியில்லாததால் கரையில் நின்று கத்தியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் மாடு மேய்த்த ஒருவர் ஓடிப்போய் மிஸியைக் கூட்டி வந்திருக்கிறார்.

“மிஸி அந்தக் கரையில, நாங்க இந்தக் கரையில. கொட்டிலுக்கும் ஆத்துக்கும் நடுவுல நான். மொதல்ல மிஸி என்னமோ நீளமா சென்னாங்க. ஆத்துச் சத்தத்துல ஒண்டும் வெளங்கல்ல. பொறகு ஒவ்வொரு சொல்லாக் கத்தினாங்க. ‘வெந்நீர்!’ நானும் திருப்பிக் கத்தினேன், ‘வெந்நீர்!’ சரியெண்டு கைய ஒசத்தினாங்க. நான் ஓடிப் போய் உள்ளுக்குச் சென்னேன். திரும்பி வந்தேன். ‘நூல்! அவி!’ அப்புறம் ‘முக்கு!’ அப்புறம் ‘நில்!’ நான் திருப்பிச் செல்ற வரைக்கும் அடுத்த சொல்லைச் செல்லவே இல்ல.”

“எவ்வளவு நேரம்?”

“பகல் ளுஹர் தொழுகைக்குத் தொடங்கி, பின்னேரம் அஸருக்குப் பிள்ளை வந்துட்டு. வந்திச்சு, ஆனா அழல்ல. நான் ‘அழல்ல! அழல்ல!’ எண்டு கத்தினேன். எனக்கு அழுகை வந்துட்டு. மிஸி கத்தினாங்க: ‘வாய் துடை! முதுகு தேய்!’ நான் உள்ளுக்கு ஓடினேன். உம்மா தேய்ச்சாங்க. திரும்பத் தேய்ச்சாங்க…”

ஸுலைஹா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அழுதிச்சு. ஆனா அது மிஸிக்குக் கேக்கல்ல. நான் கரைக்கு ஓடி வந்து ரெண்டு கையையும் ஒசத்திக் காட்டினேன். அவ்வளவு நேரமும் நின்ன மிஸி, அப்பிடியே சேத்துல குந்திட்டாங்க.”

நான் தேத்தண்ணியைக் குடிக்க மறந்திருந்தேன். என் பதினொரு பக்கத்தில் நதிகளும் நாகரிகமும் இருந்தன. இந்தக் கொட்டில் இல்லை. இந்தப் பெண் இல்லை. இந்தக் கரைக்கு ஒரு தடவைகூட வராமல் இந்த ஆற்றைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதிய என்னை என்னவென்று சொல்வது?

மத்தியானம் கிளினிக் மேசையில் நானும் மிஸியும் ஹனீபா நானாவும் உட்கார்ந்தோம். எழுதியது நான். பென்சில் மிஸியின் கையில்.

“‘இயற்கை அன்னையின் சீற்றம்’ எண்டால் என்ன மாஸ்டர்?”

“வெள்ளம்.”

“அப்ப வெள்ளம் எண்டே எழுதுங்கோவன்.”

எழுதினேன். ‘அல்லலுறும்’ போனது. ‘எழில்மிகு’ போனது. நாலந்தா போனபோது மட்டும் ஒரு பெருமூச்சு விட்டேன். ஒவ்வொரு சொல்லிலும் பென்சில் நுனியை வைத்து, “இது இல்லாட்டில் அவருக்கு விளங்காதோ?” என்று கேட்பார். விளங்கும் என்றால் ஒரு கோடு. ஏளனம் இல்லை, அவசரம் இல்லை. பிறந்த குழந்தையைத் துடைக்கிற மாதிரி ஒரு கவனம்.

ஆனால் ஓர் இடத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது.

ஸுலைஹாவின் கதையை நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மிஸி முழுவதையும் வெட்டிவிட்டு ஒரு வரி எழுதச் சொன்னார். ‘ஒரு பிரசவம் ஆற்றங்கரையில் நடந்தது.’

“இவ்வளவுதானா?” என்றேன்.

“சுகப்பிரசவம்தானே. தாயும் பிள்ளையும் நல்லா இருக்கினம். இதிலை வேறை என்ன கிடக்கு? என்ரை பேரை ஏன் எழுதினனீங்கள்? அவை பாலம் தாற ஆக்கள், எனக்குப் பரிசு தாற ஆக்கள் இல்லை.”

“உங்க பேரை வெட்டுங்க. சரி. நூர்ஜஹானை வெட்ட நான் விடமாட்டேங்க.”

“ஏன்?”

“நீங்க கத்தினது பாதி வேலைதான் மிஸி. அந்தப் பொண்ணு ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னதாலதான் அது போய்ச் சேர்ந்திச்சு. அந்தக் கொழும்புக்காரரு ஆத்தைப் பார்க்கணும்னா, ரெண்டு கரையிலயும் ஆள் நிக்கணும்ல?”

மிஸி பென்சிலை மேசையில் வைத்தார். பிறகு, “ஓம், அது சரி,” என்றார். “அதை வையுங்கோ.”

அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது!

கடைசியில் ஒன்றரைப் பக்கம் வந்தது. இப்படித் தொடங்கும்:

‘எங்கள் ஊருக்கும் வீதிக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. அகலம் நாற்பத்திரண்டு அடி. கட்டைப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அறுபது குடும்பங்கள் அந்தப் பக்கம். பள்ளிக்கூடம், கிளினிக், பஸ் இந்தப் பக்கம். எங்களுக்கு ஒரு நடைபாலம் வேண்டும்.’

பிறகு ஸுலைஹாவும் நூர்ஜஹானும். ஐந்து வரி. முடிவில்: ‘வேலையை நாங்களே செய்வோம். கம்பியும் பலகையும் சீமெந்தும் தாருங்கள்.’

இந்தத் தடவை சங்கத்தில் வாசித்தபோது யாரும் கைதட்டவில்லை. ஒருவர் மட்டும், “இது எங்கட ஆறுதான்,” என்றார்.

கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அடுத்த மாதமே ஒரு ஜீப் வந்தது. நிதியத்திலிருந்து ஓர் அதிகாரி. விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஆற்றை அளப்பார் என்று ஹனீபா நானா கயிற்றோடு தயாராக நின்றார். அதிகாரி கயிற்றைப் பார்க்கவே இல்லை.

“நூர்ஜஹான் என்பவர் யார்?” என்றார். “அவர் நின்ற இடத்தை முதலில் காட்டுங்கள்.”

நான் மிஸியைத் திரும்பிப் பார்த்தேன். மிஸி தன் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலம் வந்தது. ஊரே கல் சுமந்தது, சீமெந்து குழைத்தது. நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பலகை தூக்கினேன். அதிகம் தூக்கினேன் என்று சொல்லமாட்டேன்.

நீங்களும் மனுக்கள் எழுதுகிறவர்களாக இருப்பீர்கள். மாவட்டச் செயலகக் கச்சேரிக்கு, கல்விக் கந்தோருக்கு, காணிக்கு… நாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறோம்? நீளமாக எழுதினால் கஷ்டம் பெரிதாகத் தெரியும் என்று நினைக்கிறோம். அந்தக் கொழும்புக்காரருக்கு என் பதினொரு பக்கத்தில் தெரிந்தது நான் மட்டும்தான். ஒன்றரைப் பக்கத்தில் நான் இல்லை. ஆறு தெரிந்தது.

போன மாதம் திறப்பு விழா. பாலத்தின் இந்தப் பக்கம் சிவப்பு நாடா, வாழை மரம், மேசை விரிப்பு எல்லாம். பிரதம விருந்தாளி ஒன்பதரை மணிக்கு வந்தார். நாடாவை வெட்டினார். வெட்டிவிட்டுப் பேசத் தொடங்கினார். இந்தப் பாலத்தில் முதல் அடி வைக்கப்போகும் பாக்கியம் பற்றி விரிவாகப் பேசினார். வெயில் ஏறியது. பேச்சும் ஏறியது.

எதிர்க்கரையிலிருந்து யாரோ பாலத்தில் நடந்து வருவது தெரிந்தது. வெள்ளைச் சேலை. குடை. தகரப் பெட்டி.

பக்கத்தில் இருந்த ஹனீபா நானா என் காதில் சொன்னார்: “காலம்பற ஆறு மணிக்கு அந்தப் பக்கத்தால மிஸியத் தேடி ஆள் வந்திச்சு, மாஸ்டர். மிஸி நாடாவ அவுத்துட்டுப் போனாங்க. போகக்குள்ள என்னைத் திருப்பிக் கட்டச் சென்னாங்க.”

விருந்தாளி பேச்சை நிறுத்திவிட்டார். கூட்டம் முழுக்கப் பாலத்தையே பார்த்தது. மிஸி பலகைகளைத் தாண்டி, வெட்டிய நாடாவைத் தாண்டி வந்தார். இவ்வளவு பேர் தன்னைப் பார்ப்பதைக் கண்டு ஒரு கணம் நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும்.

“பொம்பிளைப் பிள்ளை,” என்றார். “ரெண்டு பேரும் சுகம்.”

கைதட்டல் அடங்குவதற்குள் பதிவேடு எழுதக் கிளினிக்குக்குப் போய்விட்டார்.

விருந்தாளிக்குப் பிறகு பேச வேண்டியவன் நான். எழுந்து, “பாலத்தில் நடப்போம் வாங்க,” என்றேன்.

அன்று அதிகம் கைதட்டல் வாங்கிய பேச்சு அதுதான்… மிஸியின் பேச்சைக் கணக்கில் சேர்க்காவிட்டால்!